ஒரே உதை

பான்டம் மோட்டார் சைக்கிள் நல்ல வண்டிதான். சமதரையில் ஜெயகரனையும் ஐடாவையும் சுமந்துகொண்டு சந்தோஷமாகவே ஓடும். தங்கம் பிரித்த கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டை ஒட்டி ஏறும் சாலை வந்தால்தான் அதற்கு ஆகாது. பாதி ஏற்றத்தில் முனகும், நடுங்கும், அப்புறம் நின்றுவிடுவேன் என்று மிரட்டும். ஐடா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிடுவாள். அவன் இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி வண்டியை அவள் நடைக்குச் சமமாக ஓட்டிக்கொண்டு வருவான். மேடு முடிந்ததும் மறுபடியும் ஏறிக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போதெல்லாம் இதுதான் நடக்கும். ஏற்றத்தின் நடுவில் வேர்க்கடலை விற்கும் பார்வதம்மாவுக்கு இது ஒரு வாராந்திர வேடிக்கை.

"இன்னா மேஸ்திரி, வண்டிக்கு பெட்ரோல் ஊத்துறியா, கஞ்சி ஊத்துறியா? டீச்சரம்மா நடக்குது, நீ சொகமா ஒக்காந்துகினு வர!"

"ஏம்மா, உன் கடலைய நாலு கொடு, வண்டிக்கு போடறேன்" என்று ஜெயகரன் சிரிப்பான். ஆனால் அந்தச் சிரிப்பு மேட்டின் உச்சி வரைகூட நிற்காது என்பது ஐடாவுக்குத் தெரியும். கல்யாணமாகி ஏழு வருஷம். குழந்தை இல்லை. இருந்த அன்பு முழுவதையும் அவள்மேல் கொட்டிவிட்டு, இன்னும் போதவில்லையோ என்று தேடுகிற மனுஷன் அவன். பெண்டாட்டியை ஊர் பார்க்க நடக்கவைக்கிறோமே என்பது அவனுக்குள் முள்ளாகத் தைத்தது.

"பென்ரோஸ் துரை ஊருக்குப் போறாராம் ஐடா" என்றான் ஒருநாள். "அவரோட வண்டி விலைக்கு வருது. ஐந்நூறு சிசி. இந்த மேடெல்லாம் அதுக்கு மேடே இல்ல."

"நமக்கு எதுக்குங்க அவ்வளவு பெரிய வண்டி?"

"நீ எறங்காம வர்றதுக்கு" என்றான்.

அது 1957-ஆம் வருஷம், ஜனவரி. தங்கச் சுரங்கம் சர்க்கார் கைக்குப் போனதிலிருந்து வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். போகிறவர்கள் பங்களா முற்றத்தில் சாமான்களைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் விலை எழுதிய சீட்டைக் கட்டிவிடுவார்கள். ஊரே போய்ப் பார்க்கும். பென்ரோஸ் வீட்டு முற்றத்தில் பியானோவையும் ஊஞ்சல் நாற்காலியையும் யாரும் சீந்தவில்லை. கறுப்பு வண்டியைச் சுற்றித்தான் கூட்டம்.

அந்த வண்டி சொன்னதைக் கேட்கிற ஜாதி இல்லை. ஸ்டோர் குமாஸ்தா நாகேஷ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைத்தார். கிக்கர் திருப்பி அடித்ததில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இன்னும் மூன்று பேர் முயன்று வியர்த்தார்கள். கடைசியில் ஜெயகரன் போனான். பென்ரோஸின் வண்டியைப் பல ஞாயிறுகளில் துடைத்து எண்ணெய் விட்டவன் அவன். அதன் குணம் தெரியும். கைப்பிடியில் இருந்த சின்ன லீவரை அழுத்தி, கிக்கரை மெதுவாக, தூங்கும் குழந்தையைத் தாண்டுகிறவன் மாதிரி கீழே இறக்கினான். லீவரை விட்டான். பிறகு உடம்பின் மொத்தக் கனத்தையும் வலதுகாலில் இறக்கி ஒரே ஓர் உதை.

முற்றம் அதிர்ந்தது. பென்ரோஸ் வாயிலிருந்த பைப்பை எடுத்துவிட்டு, "ஜெயகரன், உனக்குத்தான்" என்றார் அவருடைய கொச்சைத் தமிழில். பான்டத்தை எடுத்துக்கொண்டு, மீதியை ஒரு வருஷத் தவணையாக பாங்கியில் கட்டச் சொன்னார்.

எல்லாரும் கைதட்டினார்கள். ஜெயகரன் மட்டும் இருக்கையில் ஒரு கையை ஊன்றி, குனிந்து, வெகுநேரம் நின்றுகொண்டிருந்தான். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று ஐடா நினைத்தாள்.

அவளுக்குக் கவலைப்பட அப்போது காரணமும் இல்லை. சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நெஞ்சில் எக்ஸ்ரே படம் எடுப்பார்கள். நெஞ்சில் பாறைத் தூசி படிந்திருந்தால் 'சர்ட்டிபை' செய்து, கொஞ்சம் நஷ்ட ஈடு கொடுத்து, மேலே ஏதாவது எளிய வேலைக்கு மாற்றிவிடுவார்கள். சம்பளம் பாதியாகிவிடும், ஆனால் ஆயுசு கொஞ்சம் நீளும். அதற்கு முந்தின வாரம்தான் ஜெயகரனின் முறை வந்திருந்தது. படம் சுத்தம் என்று சீட்டு வந்தது. பதினெட்டு வயதில் டிரில் மிஷினைப் பிடித்து, பன்னிரண்டு வருஷம் பாறையைத் துளைத்து, பிறகு மேஸ்திரி ஆனவனுக்குச் சுத்தமான நெஞ்சு! ஐடா அந்தச் சீட்டை பைபிளுக்குள் வைத்து ஸ்தோத்திரம் சொன்னாள்.

முதல் ஞாயிறு மேட்டில் அவள் இறங்கவில்லை. வண்டி அதை ஏற்றம் என்றே மதிக்கவில்லை. பார்வதம்மா கடலைக் கூடையை விட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"அடி ஆத்தே! மேஸ்திரி, டீச்சரம்மாவ வானத்துக்கே இட்டுகினு போயிடாதய்யா!"

அந்தக் கோடை முழுவதும் அவர்கள் ஊர் சுற்றினார்கள். பேத்தமங்கலம் ஏரிக்கரையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளிச்சாதத்தைத் தின்றுவிட்டு, புதுப் பெண் மாப்பிள்ளை போல ஒன்றும் பேசாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேகத்தில் அவள் முந்தானை படபடக்கும். அவன் முதுகில் கன்னத்தை வைத்துக்கொள்வாள். சட்டைக்கு உள்ளே, எஞ்சின் சத்தத்துக்கும் அடியில், மெல்லியதாக ஒரு கீச்சொலி வருவதை ஒருதரம் கேட்டாள். காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் வந்தபோது ஒரே உதை இரண்டானது. பிறகு மூன்று.

"பிளக்குல அழுக்கு" என்பான். இன்னொரு நாள், "பெட்ரோல்ல தண்ணி கலந்துட்டான் பாவி."

மூன்றாவது உதைக்கும் நான்காவதற்கும் இடையே வண்டிமேல் சாய்ந்து எதையோ ஆராய்கிறவன்போல நிற்பான். ஐடா வாசற்படியில் டிபன் டப்பாவோடு காத்திருப்பாள். கொஞ்ச நாளில் அவன் வண்டியைச் சரிவான இடமாகப் பார்த்து நிறுத்தத் தொடங்கினான். சரிவில் உருட்டிவிட்டால் உதைக்காமலே கிளம்பிவிடும். சர்ச் சமதரையில் இருந்ததால் வண்டியைத் தூரத்து மேட்டில் விட்டுவிட்டு நடந்தே போனார்கள். பேத்தமங்கலம் போவது நின்றது. ஏரிக்கரையில் சரிவே இல்லை.

"டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டுங்க" என்றாள்.

"எதுக்கு? அதான் படம் சுத்தம்னு சீட்டு கொடுத்துட்டானே. வண்டிக்குத்தான் வயசாயிடுச்சு ஐடா, எனக்கில்ல."

அவள் நம்பினாள். சீட்டு பைபிளுக்குள் இருந்தது. ஆகவே குறை வண்டியில்தான் என்று, அவன் ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, ராபர்ட்சன்பேட்டையிலிருந்து மெக்கானிக் துளசிராமனை வீட்டுக்கே வரவழைத்தாள். துளசிராமன் ஒல்லியான மனுஷர், ஐம்பது வயது இருக்கும். வண்டியைச் சுற்றி வந்தார். லீவரை அழுத்தினார், விட்டார், உதைத்தார். முதல் உதையிலேயே அது உறுமிக்கொண்டு எழுந்தது.

அணைத்துவிட்டு மறுபடியும் உதைத்தார். மறுபடியும் அதே.

"டீச்சரம்மா, வண்டி குதிர மாதிரி கீது" என்றார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அழுக்கே இல்லை. "வண்டிய உடுங்க. மேஸ்திரிய பாருங்க. எங்க நைனாவும் டிரில் புடிச்சவருதான். கடசில செருப்பு மாட்றதுக்கே ரெண்டு தபா ஒக்காருவாரு."

கூலி வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

ஐடா உள்ளே வந்து பைபிளைத் திறந்து சீட்டைப் பார்த்தாள். நம்பர் அவனுடையதுதான். தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தது. அன்றைக்குப் படம் எடுக்கப் போனபோது ஜெயகரனோடு அவன் தம்பி ஹரோல்டும் போனது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஹரோல்டின் குவார்ட்டர்ஸ் அடுத்த வரிசை லைன் வீடுகளில். அவன் குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தான். வாசலில் அவன் மனைவி வின்னி, ஆறு மாதத்து வயிற்றோடு, அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஹரோல்ட், அந்தப் படம் யாருது?" என்று ஐடா தணிந்த குரலில் கேட்டாள்.

குடம் நிரம்பி வழிந்தது. அவன் குழாயை மூடவில்லை.

"என்னுது அண்ணி."

ஆஸ்பத்திரியில் முகத்தை யார் பார்க்கிறார்கள்? பித்தளை டோக்கனில் இருக்கும் நம்பரைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். அண்ணன் தன் டோக்கனைத் தம்பி கையில் கொடுத்தான். தம்பி சட்டையைக் கழற்றி நின்றான். ஐந்து நிமிஷ வேலை.

"ஒரு வருஷம்தான்டா, வண்டி தவணை முடியட்டும், அப்பால நானே போய் படம் எடுத்து சர்ட்டிபை ஆயிடறேன்னு சொன்னாரு. அண்ணன் கேட்டா நான் எப்டி அண்ணி மாட்டேன்னு சொல்றது?"

"சரி, இப்பவே எடுக்கலாமே. இப்பவே போகலாம்."

ஹரோல்ட் தன் இடது தோளைத் தொட்டுக் காட்டினான். இரண்டு வருஷத்துக்கு முன் ஹாக்கி மேட்சில் அந்தக் காறை எலும்பு ஒடிந்தது. தன் பழைய சேலையைக் கிழித்துக் கைக்குத் தூளி கட்டியவள் ஐடாதான்.

"படத்துல தூசி மட்டுந்தான் தெரியும்னு நெனச்சோம் அண்ணி. எலும்பும் தெரியும்னு ரெண்டு பேருக்கும் தோணல. டாக்டரு படத்த பாத்துட்டு, இது எப்ப ஒடஞ்சுதுன்னு கேட்டு, அண்ணன் பைல்ல எழுதிட்டாரு. இப்ப அண்ணன் போய் நின்னா, எலும்பு முழுசா இருக்கும். ரெண்டு படத்தையும் பக்கத்துல வெச்சு பாத்தாங்கன்னா..."

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். வின்னி ஒரு பிஞ்சு அவரைக்காயைப் பச்சையாகவே கடித்துக்கொண்டு இவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆள்மாறாட்டம் என்றால் ஹரோல்டுக்கு வேலை போகும். வேலை போனால் ஒரு வாரத்தில் வீடு போகும். ஐடா குழாயை மூடிவிட்டு வந்தாள்.

அன்று ஜெயகரன் ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்வரை அவள் காத்திருக்கவில்லை.

"எனக்காகவா செஞ்சீங்க?"

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. சுவரோரம் உட்கார்ந்தான்.

"மேட்டுல நீ எறங்கி நடக்கறத என்னால பாக்க முடியல ஐடா."

"நடக்கறது எனக்குக் கஷ்டமா இருக்குன்னு என்னிக்காவது சொன்னேனா? ஒரு நாளாவது கேட்டீங்களா? வாரம் பூரா நீங்க பூமிக்குள்ள, நான் பள்ளிக்கூடத்துல. அந்த மேட்டுல பத்து நிமிஷந்தான் நீங்க எங்கிட்ட வாய் தெறந்து பேசினீங்க. கீழ லெவல்ல எலி சோத்து டப்பாவ தூக்கினு போன கதை, கீழ எறக்கற கேஜ்ல மாட்டினு கெட்ட வார்த்த பேசின ஐயர் கதை எல்லாம் அங்கதான் கேட்டேன். மேடு இன்னும் கொஞ்சம் நீளமா இருக்கக் கூடாதான்னு நெனப்பேன். அதப் போயி..."

அவன் அவள் கையைப் பிடித்தான். பேச வாயெடுத்தவனுக்கு இருமல் வந்தது. அது ஓய்ந்தபோது இருவரும் பேச வந்ததை மறந்திருந்தார்கள்.

கிறிஸ்துமஸ் லீவில் ரயிலேறி பெங்களூர் போய் ஒரு தனி டாக்டரிடம் படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு பக்கமும் மாவு தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள்.

"இது உள்ள போனா வெளிய வராதும்மா. இனிமே ஒரு நாள்கூட கீழ இறங்கக்கூடாது. சர்ட்டிபிகேட் உங்க சுரங்கத்து ஆஸ்பத்திரிலதான் கொடுப்பாங்க. எங்க படத்தை அவங்க ஏத்துக்கமாட்டாங்க."

"ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா டாக்டர்?"

அவர் படத்தை உறைக்குள் போட்டார். "இப்போ எதுக்கும்மா அது?"

ஊர் திரும்பிய மறுநாள் ஐடா யாரிடமும் சொல்லாமல் சுரங்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனாள். ஹரோல்டுக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், அவன் சின்னவன், கைகால் திடமாக இருக்கிறது, எங்கேயும் பிழைத்துக்கொள்வான். என் புருஷனுக்குச் சேரவேண்டிய நஷ்ட ஈடும் மருந்தும் அவருக்குச் சேரட்டும். வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். டாக்டர் அறைக்கு முன்னால் இருந்த வராந்தாவில், கர்ப்பிணிகள் வரிசையில், வின்னி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா!" வின்னியின் முகம் மலர்ந்துவிட்டது. "தனியா போறேனேன்னு துணைக்கு வந்தீங்களா? அவரு சொன்னாரா? எனக்கு பயமா இருந்துச்சுக்கா. கொழந்த தல மேல கீதுன்னு போன தபா சொன்னாங்க."

"ஆமாம்மா, துணைக்குத்தான் வந்தேன்" என்றாள் ஐடா.

வின்னியின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். டாக்டர் அறைக் கதவு நான்கைந்து தடவை திறந்து மூடியது. வின்னியின் முறை முடிந்ததும் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மிஞ்சியது ஒரே வழிதான். ராஜினாமா. சர்ட்டிபை ஆகாதவன் விலகினால் நஷ்ட ஈடு கிடையாது, மேல்வேலை கிடையாது, குவார்ட்டர்ஸும் கிடையாது. ஆண்டர்சன்பேட்டையில் ஓர் அறைக்கு ஐடா முன்பணம் கொடுத்தாள். தன் சம்பளம் இரண்டு பேருக்குப் போதும் என்று அவனிடம் சொன்னாள். போதாது என்பது இருவருக்கும் தெரியும். "நான் போய் சொல்லிடறேண்ணா" என்று ஹரோல்ட் ஒருநாள் வந்து காலைப் பிடித்தான். "வாய தெறந்தே, எனக்கு தம்பியே இல்லன்னு நெனச்சுக்குவேன்" என்று ஜெயகரன் அவனை அனுப்பிவிட்டான்.

வண்டியை வாங்க பெங்களூரிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். தோல் கோட்டு போட்டிருந்தான். ஜெயகரன் வாசலில் நின்றபடியே சொல்லிக்கொடுத்தான்: "லீவர அழுத்துங்க. மெதுவா எறக்குங்க தம்பி, அவசரப்படாதீங்க. இப்ப லீவர உடுங்க. ம், ஒதைங்க!" மூன்றாவது உதையில் கிளம்பியது. "நாள் போனா பழகிடும்" என்றான் ஜெயகரன், அவன் தோளைத் தட்டி. அந்த வண்டியை வெறுக்கவேண்டும் என்று ஐடா எவ்வளவோ முயன்றாள். பேத்தமங்கலத்துக்கு அவளைக் கூட்டிப்போனதும் அதுதானே. சத்தம் தூரத்தில் தேய்ந்து மறையும்வரை அவளும் வாசலில்தான் நின்றாள்.

லைனில் வேறு கதை ஓடியது. பெரிய வண்டி வாங்கியதும் மேஸ்திரிக்குத் தலை கனத்துவிட்டது, கல்லுப்போல உடம்பை வைத்துக்கொண்டு பெண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து தின்னப் போகிறான் என்றார்கள். பார்வதம்மாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கணக்குத் தீர்க்கும் நாளில் ஐடா பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அவனோடு போனாள். ஆபீஸ் மாடியில் இருந்தது. அவனைக் கீழே வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு அவள் மட்டும் ஏறினாள். மூக்குக் கண்ணாடி போட்ட குமாஸ்தா ராமலிங்கம் காகிதங்களை எடுத்துப்போட்டார்.

"இன்னா டீச்சரம்மா இது? மேஸ்திரிக்கு இன்னும் பதினஞ்சு வருஷம் சர்வீஸ் கீது. நல்லா இருக்கற மனுசன ஏன் ஊட்ல ஒக்கார வெக்கற?"

"அவருக்கு வேற எண்ணம் சார்."

"விலகுற காரணம் எழுதணும்."

'சொந்தக் காரணம்' என்று அவள் பேனாவால் எழுதினாள். கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டு எழுத்து.

"அடுத்தது உடல்நிலை. பைல்ல சுத்தம்னு கீது. பூரண நலத்தோட விலகறேன், கம்பெனிமேல ஒண்ணும் பாத்தியதை இல்லன்னு அவரு கையெழுத்து போடணும்."

"குடுங்க, கீழ கொண்டுபோய் வாங்கிட்டு வந்துடறேன்."

"அது ஆவாதும்மா. என் எதுர்ல போடணும். கூப்புடு."

ஐடா ஜன்னலிலிருந்து கையசைத்தாள். அவன் எழுந்து படியை நோக்கி வருவது தெரிந்தது. அப்புறம் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நான்கு படி. நின்றது. மூன்று படி. நின்றது.

"இன்னாம்மா, மாடி ஏறி வர இவ்ளோ நேரமா?"

"வழில யாரோ தெரிஞ்சவங்க போல இருக்கு சார், பேசிட்டு வராரு" என்றாள்.

செருப்புச் சத்தம் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து அடங்கியது. ராமலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். ஐடா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்தாள். ஒரு நிமிஷம் போயிற்று. இன்னொரு நிமிஷமும் போயிற்று. பிறகு ஜெயகரன் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, முகம் நிறையச் சிரிப்போடு உள்ளே வந்தான். நெற்றியில் மட்டும் வியர்வை.

"வணக்கம் சார்" என்பதுபோலக் கையை மட்டும் குவித்தான்.

"ஆளப்பாரு, மாப்ள மாதிரி! இங்க போடு, இங்க ஒண்ணு போடு."

ஜெயகரன் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். ஐடா பேனாவை அவன் விரல்களுக்கு இடையில் வைத்தாள். முதல் கையெழுத்து நேராக வந்தது. இரண்டாவதற்கு அவன் கொஞ்சம் பொறுத்தான். அவள் காகிதம் நகராமல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் அவளும் பெயரை எழுதினாள்.

ராமலிங்கம் ஒற்றுத்தாளை வைத்து மையை ஒற்றினார். "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு, பியூனைப் பார்த்து அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.